பிள்ளைக்கு வயது ஏழு, கணக்குக்கு வயது பதினைந்து: எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

அந்தப் பையன் என் எதிரில் உட்கார்ந்து இருபடிக் கோவைகளை வாயாலேயே காரணிப்படுத்திக்கொண்டிருந்தான். வயது ஏழு. பென்சிலைத் தொடவே இல்லை. "பெருக்கினா முப்பத்தாறு, கூட்டினா பதிமூணு... நாலும் ஒன்பதும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்டான். பாடம் முடிந்து வெளியே கிளம்பும்போது ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. கட்டிப் பார்த்தான், வரவில்லை. மறுபடியும் கட்டினான், அப்போதும் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டான்.

அவன் அம்மா குனிந்து லேஸைக் கட்டிவிட்டபடியே கேட்டார்: "சார், ஸ்கூல்ல டபுள் புரமோஷன் கேட்கலாமா? இல்ல, சின்னப் புள்ளையாவே இருக்கட்டும்னு விட்டுடலாமா?"

நான் கணக்கு சொல்லிக்கொடுப்பவன், மனநல ஆலோசகன் இல்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். அந்த இரண்டு நாள் இரண்டு மாதமாகிவிட்டது. அதற்கப்புறம் அவருக்குச் சொன்ன பதில்தான் இது. கொஞ்சம் நீளம்.

அறிவு ஒரு தட்டில், குழந்தைப் பருவம் இன்னொரு தட்டில் என்று தராசில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்துதான் ஆக வேண்டும் என்கிற நினைப்பு அதிலேயே ஒளிந்திருக்கிறது. ஆனால் ஷூ லேஸ் விஷயத்தைப் பாருங்கள். அந்தப் பையனுக்கு ஒரே நேரத்தில் மூன்று வயது நடக்கிறது. கணக்கில் பதினைந்து, விரலில் ஏழு, ஏமாற்றத்தைத் தாங்குவதில் ஐந்து. எந்த வகுப்பில் போட்டாலும் ஏதோ ஒரு வயது அந்த வகுப்போடு பொருந்தாது. ஆகவே எந்த வயதுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று ஒவ்வொரு வழியையும் கேட்டுப் பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். மூன்று வயதில் வாசிக்கிற பிள்ளைகள், தலைநகரங்களை ஒப்பிக்கிற பிள்ளைகள் எல்லாம் குழந்தை மேதைகள் இல்லை. பத்து வயதுக்குள், ஏதாவது ஒரு துறையில், தேர்ந்த பெரியவர் அளவுக்குச் செய்கிற பிள்ளையைத்தான் ஆய்வாளர்கள் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கணக்கு, சதுரங்கம், இசை என்று விதிகள் தெளிவாக இருக்கிற துறைகளில்தான் வரும். எட்டு வயதில் யாரும் பெரிய நாவல் எழுதிவிடுவதில்லை, அதற்கு வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும். வெறுமனே கெட்டிக்காரப் பிள்ளை என்றால் கீழே சொல்கிற முதல் மூன்று வழிகளே தாராளம்.

பதினோரு வயதில் கல்லூரிக்குப் போன இரண்டு பையன்கள்

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் பெயரை இழுப்பார்கள். 1898இல் பிறந்து, 1909இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தவர். 1910 ஜனவரியில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி அங்கே பேராசிரியர்கள் முன்னால் உரையாற்றினார், பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. 16 வயதில் பட்டம். அப்புறம்தான் கதை திரும்புகிறது. கணிதத்தை விட்டார், புகழை வெறுத்தார், சின்னச் சின்ன குமாஸ்தா வேலைகளில் ஒதுங்கினார். டிராம் பயணச்சீட்டுகளைச் சேகரித்து, அவற்றைப் பற்றிப் புனைபெயரில் ஒரு புத்தகம் எழுதினார். 1937இல் ஒரு பத்திரிகை அவர் இருந்த இடத்தைத் தோண்டியெடுத்து, பழைய மேதை இப்போது எப்படி இருக்கிறார் பார் என்று எழுதியது. வழக்குப் போட்டார். பொதுமக்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதில் நியாயமான ஆர்வம் இருக்கிறது என்று 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1944இல், 46 வயதில் இறந்துபோனார்.

பிஞ்சிலே பழுத்தால் இப்படித்தான் வெம்பும் என்று இந்தக் கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அதே ஊர்ப்பக்கம், அதே காலத்தில், அதே 11 வயதில் கல்லூரிக்குப் போன இன்னொரு பையனும் இருந்தான். நார்பர்ட் வீனர். 1906இல் டஃப்ட்ஸ் கல்லூரி, 14 வயதில் பட்டம், 1913இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். பிற்காலத்தில், இயந்திரங்களும் உயிர்களும் தகவலை வைத்துத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதை ஆராய்கிற சைபர்நெடிக்ஸ் என்கிற துறையையே தொடங்கிவைத்தவர். இரண்டு பையன்களுக்கும் அப்பாதான் வாத்தியார், இரண்டு அப்பாக்களும் விடாப்பிடிக்காரர்கள்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? வீனரின் அப்பா ஹார்வர்டிலேயே பேராசிரியர். இருந்தும் பையனை அங்கே சேர்க்கவில்லை. நுழைவுத் தேர்வின் அழுத்தமும் பத்திரிகை வெளிச்சமும் வேண்டாம் என்று சின்னக் கல்லூரியாகப் பார்த்துச் சேர்த்தார். பையன் வீட்டிலிருந்தே போய்வந்தான். இந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். வீனரும் காயமில்லாமல் வந்துவிடவில்லை. பையன் சாதாரணமானவன்தான், என் பயிற்சிதான் அவனை இப்படி ஆக்கியது என்று அப்பா ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றால் அது என் தோல்வி, ஜெயித்தால் அது அப்பாவின் வெற்றி என்று தனக்குள் பதிந்துபோனதை வீனர் 1953இல் வெளியான தன் சுயசரிதையில் கசப்போடு எழுதுகிறார். ஆனால் கல்லூரி வாசலை மிதித்த வயதை மட்டும் வைத்து இந்த இரண்டு வாழ்க்கைகளையும் விளக்க முடியாது என்பது நிச்சயம்.

பேசாமல் விட்டுவிடுவது

முதல் வழி, அதே வகுப்பில் விட்டுவிடுவது. செலவில்லை, சண்டையில்லை, பள்ளிக்கூடத்துக்கும் நிம்மதி. நண்பர்கள் கிடைப்பார்கள் என்பதுதான் இதற்குச் சொல்கிற பெரிய காரணம். மிராகா கிராஸ் என்கிற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவில், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 160க்கு மேல் இருந்த 60 பிள்ளைகளை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். அவர் கண்டது நேர்மாறாக இருந்தது. வயதொத்த வகுப்பிலேயே வைக்கப்பட்டவர்களில்தான் நட்பு கிடைக்காமல் தனித்துப்போனவர்கள் அதிகம். இரண்டு மூன்று வருடம் முன்னே தள்ளப்பட்டவர்கள் பெரும்பாலும் நல்ல நட்புகளோடு இருந்தார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆறு வயதில் மற்றப் பிள்ளைகள் கூட விளையாட ஆள் தேடுகிறார்கள், இந்தப் பிள்ளை மனசில் இருப்பதைச் சொல்ல ஆள் தேடுகிறது.

இன்னொரு நஷ்டம் வெளியே தெரியாது. எல்லாம் சுலபமாக வருகிற பிள்ளைக்கு, வராத ஒன்றோடு மல்லுக்கட்டுவது எப்படி என்று தெரியாமலே போகும். 1998இல் முல்லர், ட்வெக் என்கிற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனைகள் பிரபலமானவை. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து சுலபமான வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒருமுறை தோற்றதும் சோர்ந்துபோனார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்கு அப்புறமும் முட்டிப் பார்த்தார்கள். வகுப்பில் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி முப்பத்தாறு நிமிடம் கை கட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு முதல் வகைப் பாராட்டுதான் தினமும் கிடைக்கும். சில பிள்ளைகள் வேண்டுமென்றே தப்பாக எழுத ஆரம்பிக்கும். நான் பார்த்திருக்கிறேன், ஒரு பெண் ஒவ்வொரு தேர்விலும் கணக்காக இரண்டு கேள்வியைத் தப்பு செய்வாள். கேட்டால், "அப்பத்தான் யாரும் என்னைப் பாக்க மாட்டாங்க" என்றாள்.

ஆனாலும் இந்த வழிக்கும் ஒரு காலம் உண்டு. வீடு மாறியிருக்கிறது, குடும்பத்தில் ஒரு துக்கம், இல்லை பிள்ளைக்கு இப்போதுதான் ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான் என்றால் ஒரு வருடம் சும்மா விடுங்கள். கணக்கு எங்கேயும் ஓடிப்போகாது.

அதே வகுப்பு, ஆழமான பாடம்

பாடம் தொடங்கும்போதே அந்தப் பாடத்தின் கடைசித் தேர்வைக் கொடுத்துப் பார்ப்பது, தேறிவிட்டால் அந்த நேரத்தை வேறு வேலைக்குக் கொடுப்பது. இதுதான் இரண்டாவது வழி. பெரும்பாலான பள்ளிகள் இதைக் கெடுப்பது ஒரே விதத்தில்: பத்துக் கணக்கை முடித்தவனுக்கு இன்னும் இருபது கணக்கு. அது தண்டனை. சீக்கிரம் முடிக்காதே என்றுதான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். ஆழம் என்றால், பகா எண்கள் ஏன் தீர்ந்துபோவதில்லை என்று அவனே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வது. சொல்லிக்கொடுக்க ஆர்வமுள்ள ஒரே ஒரு ஆசிரியர் இருந்தால் இது அருமையான வழி. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் வழியும் அவரோடு போய்விடும். வகுப்புக்கும் பிள்ளைக்கும் இடைவெளி நாலைந்து வருடம் இருந்தால் இது மட்டும் போதாது.

ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஒளிக்கவில்லை. கணக்குக்கு மட்டும் எட்டாம் வகுப்பு, மற்றதெல்லாம் மூன்றாம் வகுப்பு. மூன்று வயது நடக்கிற பிள்ளைக்கு மூன்று இடம்.

இதற்குக் கணித மேதை டெரன்ஸ் டாவ்வை விட நல்ல உதாரணம் இல்லை. 1975இல் அடிலெய்டில் பிறந்தவர். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்தார்கள், பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்று தெரிந்ததும் வெட்கப்படாமல் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். ஐந்து வயதில் மறுபடி சேர்த்தார்கள். அப்பா குழந்தை மருத்துவர், அம்மா முன்பு கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிகளோடு உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வகுப்பு என்று ஏற்பாடு செய்தார்கள். 9 வயதில் பல்கலைக்கழகக் கணிதம், ஆனால் மற்றப் பாடங்களுக்குப் பள்ளிதான். 1986இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் வெண்கலம், அடுத்த வருடம் வெள்ளி, அதற்கடுத்த வருடம் தங்கம். 16 வயதில் பட்டம், 21இல் பிரின்ஸ்டனில் முனைவர், 2006இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். இந்த வேகத்திலும் அவரை ஒரேயடியாக யாரும் தூக்கிப் போடவில்லை, படிப்படியாகத்தான் நகர்த்தினார்கள். சின்ன வயதிலேயே பட்டம் வாங்குவதை ஒரு குறிக்கோளாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இந்த வழியில் இருக்கிற தொல்லைகள் எல்லாம் கால அட்டவணைத் தொல்லைகள். எட்டாம் வகுப்பின் கணக்குப் பாடவேளையும் மூன்றாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையும் ஒரே நேரத்தில் வரும். அப்போது விளையாட்டைத்தான் வெட்டுவார்கள், விடாதீர்கள். மொழிப் பாடம் ஒன்றைத் தியாகம் செய்தாலும் விளையாட்டுப் பாடவேளையைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. அப்புறம், இந்த வருடம் எட்டாம் வகுப்பு என்றால் ஐந்து வருடத்தில் பள்ளியில் கணக்கே தீர்ந்துவிடும், அதற்கப்புறம் யார் சொல்லிக்கொடுப்பது என்று இப்போதே கேட்டுவைக்க வேண்டும்.

இதன் பெரிய பலம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த திங்கட்கிழமையே பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். யாருக்கும் அவமானம் இல்லை. வேறெந்த வழியிலும் இந்த வசதி இல்லை.

டபுள் புரமோஷன்

முழு வகுப்பையே தாண்டுவது என்றால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயம் வருகிறது. ஆராய்ச்சி அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கி, பல்லாயிரம் பேரைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிற ஆய்வும் சரி, 2004இல் அமெரிக்காவில் வெளியான பெரிய தொகுப்பறிக்கையும் சரி, தகுதியுள்ள பிள்ளைகள் வகுப்பு தாண்டியதால் மொத்தத்தில் கெட்டுப்போகவில்லை என்றுதான் சொல்கின்றன.

"தகுதியுள்ள" என்கிற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கென்றே அமெரிக்காவின் அயோவாவில் ஓர் அளவுகோல் தயாரித்திருக்கிறார்கள். மதிப்பெண் கூட்டுவதற்கு முன்பே, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சில விஷயங்களை வைத்திருக்கிறது. பிள்ளைக்கே இஷ்டமில்லை என்றால் வேண்டாம். தாண்டிப் போய் உட்காரப்போகிற வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தால் வேண்டாம். இந்த இரண்டாவது விதியை எழுதியவர் குடும்பம் நடத்தத் தெரிந்தவர். கூடவே பிறந்த தம்பி தன் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தால் அந்த அண்ணன் மனசு என்ன பாடுபடும்? ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யப்போய் இன்னொன்றை உடைத்துவிடுவோம்.

என் அனுபவத்தில் டபுள் புரமோஷனில் முதலில் தடுக்குவது கை. இரண்டு வகுப்பு மேலே போன பிள்ளைக்கு வரலாறு புரியும், அறிவியல் புரியும், ஆனால் மூன்று பக்கம் விடை எழுத விரல் ஒத்துழைக்காது. மண்டைக்குள் பத்தி பத்தியாக இருப்பது காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி வரும். மதிப்பெண் குறையும், "இவனைப் போய் மேலே தூக்கிப் போட்டோமே" என்று பேச்சு வரும். எழுத்து வேகத்தை ஒரு வருடம் முன்பே கவனித்துத் தயார் செய்யலாம், இல்லை விடையை வாயால் சொல்ல அனுமதி வாங்கலாம். இன்னொரு இடறல் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் வரும். கூடப் படிக்கிறவர்களுக்குக் குரல் உடைந்து மீசை முளைக்கும், இவன் மட்டும் குழந்தையாகவே நிற்பான். ஒரு வருடம் தாண்டியவன் சமாளித்துவிடுவான், மூன்று வருடம் தாண்டியவனுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

பள்ளியையே விட்டுவிடுவது, பல்கலைக்கழகத்துக்கே போய்விடுவது

வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பதற்குச் சதுரங்கத்தில் உதாரணங்கள் உண்டு. ஹங்கேரியின் போல்கர் சகோதரிகள் மூவரும் வீட்டில் படித்தவர்கள், யூதித் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர். குகேஷ் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டார், 2019இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024இல் 18 வயதில் உலக சாம்பியன். ஆனால் அவரோடு போட்டிகளுக்கு அலைய அறுவை சிகிச்சை நிபுணரான அவர் அப்பா தன் தொழிலை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது, வீட்டுச் செலவை அம்மாவின் சம்பளம் தாங்கியது. இது பிள்ளையின் படிப்பைப் பற்றிய முடிவு மட்டும் இல்லை, வீட்டில் யார் வேலையை விடுவது என்கிற முடிவும்கூட. பள்ளியை விட்டும் சாம்பியன் ஆகாதவர்கள் பெயர் நமக்குத் தெரியாது என்பதையும் மறக்கக்கூடாது. இன்று பள்ளியை விட்டால் நாளைக்குப் போட்டியில் தோற்க முடியாது என்கிற பாரம் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. எனக்கு இதில் துணிச்சல் இல்லை.

பல்கலைக்கழகம் வேறு மாதிரி. ரூத் லாரன்ஸ் 1983இல் 12 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார், 1985இல் முதல் வகுப்பில் பட்டம் வாங்கினார், பின்னால் கணிதப் பேராசிரியரும் ஆனார். வகுப்புக்கு வகுப்பு அப்பா கூடவே போனார். படிப்பில் ஒரு குறையும் இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பெண் யாரோடு பேசியிருப்பாள் என்பதுதான் எனக்குள் ஓடுகிற கேள்வி. இதற்கு ஒரு நல்ல மாற்று, தனியாக அனுப்பாமல் கூட்டமாக அனுப்புவது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1977இலிருந்து இளம் வயதுப் பிள்ளைகளை ஒரு குழுவாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒதுங்க ஓர் அறை, அரட்டைக்கு ஒரே வயதில் பத்துப் பேர். அப்படி ஒன்று எட்டுகிற தூரத்தில் இல்லை என்றால் பதினைந்து வயது வரை இந்தப் பேச்சே வேண்டாம்.

மேடை

இதைப் படிப்போடு கலந்து குழப்பிக்கொள்கிறோம். எந்த வகுப்பு என்பது ஒரு முடிவு, ஊருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது முற்றிலும் வேறு முடிவு. இசைமேதை மொசார்ட்டை 1763இல், 7 வயதில், அக்காவோடு ஐரோப்பா முழுக்க மூன்று வருடத்துக்கு மேல் கூட்டிக்கொண்டு சுற்றினார் அப்பா. வழியில் இரண்டு பிள்ளைகளும் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். அக்கா நானெர்லும் வித்தகிதான். வயதுக்கு வந்ததும் அவளை வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். காட்சிப்பொருளுக்குக் காலாவதி தேதி உண்டு என்பதை அவளை விட யார் அறிவார்?

இன்று அதற்குக் குதிரை வண்டி தேவையில்லை, ஒரு கைபேசி போதும். அந்தப் பையன் காரணிப்படுத்தியதை அவன் சித்தப்பா படம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஐந்தாவது கணக்கில் பையன் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு கேமராவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தான். போட்டிகளை நான் இதில் சேர்க்கவில்லை. ஒலிம்பியாட் மாதிரி இடங்களில் முதல்முறையாகத் தன்னைப் போன்ற இன்னொருவனைப் பிள்ளை பார்க்கிறது, அங்கே தோற்கவும் பழகுகிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்த இரண்டும் கிடைக்காது.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்? கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பு கேளுங்கள், ஆறு வாரம் பரீட்சார்த்தமாக. டபுள் புரமோஷனை அடுத்த வருடம் யோசிக்கலாம், அதற்குள் கை கொஞ்சம் வேகமாகட்டும். வீடியோவைச் சித்தப்பா அழித்துவிடட்டும். ஆறு வாரம் கழித்து மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்ப அடம் பிடிக்கிறானா, ராத்திரி தூங்குகிறானா, யார் பெயரையாவது சொல்லிப் பேசுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாவது வாரம் ஃபோன் செய்தார். பெரிய பையன்கள் நடுவில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களாம், கால் தரையில் எட்டவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு இவன் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தானாம். பதிலுக்கு அந்தப் பையன், இடைவேளையில் லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்.